பொய் வேறு, போதாது வேறு

ஷாங்காய்
1973 மார்ச் 11

அன்புள்ள தம்பி ஷிஹெங்குக்கு,

நானும் உன் மகளும் சௌக்கியம். உன் இருமல் விட்டதா, இல்லை செங்கல் சூளையில் இருமலுக்கும் சேர்த்து வேலை வாங்குகிறார்களா? இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உங்கள் சூளையிலிருந்து இங்கே செங்கல் ஏற்றி வரும் டிங் அம்மாள், படகைத் திருப்பும்போது கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். தபாலில் வந்தால் உனக்கு முன்னால் உங்கள் சூளை அலுவலகம் முழுவதும் படித்துவிடும்.

நிங்நிங்குக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அவள் அம்மா இறந்த வருஷம் என் இடுப்பில் ஏறியவள், இப்போது என் தோள் உயரத்துக்கு வரப் பார்க்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு இயற்பியல் படித்த லுவோ வந்திருந்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அக்கா, ஐன்ஸ்டைனோட சார்பியல் முதலாளித்துவக் கொள்கைன்னு விமர்சிக்க நகரத்துல ஒரு குழு போட்டிருக்காங்க. நானும் அதுல இருக்கேன். ஜெர்மன் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கூட இல்ல. ஷிஹெங் மட்டும் 'சிறப்புச் சார்பியல் பொய்'னு நாலு தாள் எழுதிக் குடுத்தா, சூளையிலேர்ந்து பேரை எடுத்து இங்க மாத்திடலாம்."

நாலு தாள், தம்பி. ஐன்ஸ்டைன் இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, அவர் வருத்தப்படப் போவதில்லை. நீ திட்டினாய் என்பதற்காக வெளிச்சம் மெதுவாகப் போகப் போவதும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உன் மகளைப் பார்.

டிங் அம்மாள் அடுத்த சுமையோடு வரும்போது தாள்கள் அவள் கையில் இருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா பெய்யுன்


வடக்கு ஜியாங்சு, செங்கல் சூளை
1973 ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும், அதற்குள் நீ மடித்து வைத்த இருமல் மாத்திரையும் வந்தன. இருமல் பரவாயில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? குழாயடியில் நீயே தண்ணீர் பிடிக்காதே, லுவோவைப் பிடிக்கச் சொல். நகரத்தில் இருப்பவன் அந்த உதவியாவது செய்யட்டும்.

தாள்கள் அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ளாமல் படி.

நீ கணக்கு டீச்சர், உனக்குச் சொன்னால் புரியும். ஓடுகிற ரயிலில் உட்கார்ந்திருப்பவனும் நிலையத்தில் நிற்பவனும் ஒரே வெளிச்சத்தின் வேகத்தை அளந்தால், இருவருக்கும் ஒரே விடைதான் கிடைக்கும். அது அப்படி இருக்க வேண்டுமென்றால் அவர்களுடைய கடிகாரங்கள் ஒத்துப்போகக் கூடாது. ஒத்துப்போவதும் இல்லை. அளந்து பார்த்திருக்கிறார்கள், ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. இதைப் பொய் என்று என் கையால் எப்படி எழுதுவேன்? நான் இங்கே வந்து சேர்ந்ததே பொய் எழுதியிருந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட மறுத்ததால்தான். இப்போது போடுவதானால் அன்றைக்கே போட்டிருக்கலாம். நிங்நிங்கின் முதல் பல் முளைத்ததையும் பார்த்திருப்பேன், விழுந்ததையும் பார்த்திருப்பேன்.

அவள் வரைந்த படம் ஏதாவது இருந்தால் அனுப்பு.

உன் தம்பி
ஷிஹெங்


ஷாங்காய்
1973 மே 6

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், பிடிவாதக்காரர்களுக்கு ஒரு நோயும் வருவதில்லை.

பள்ளிக்கூடத்தில் பெயர் பதியப் போனோம். அங்கிருந்த டீச்சர் நிங்நிங்கிடம், "அப்பா எங்கம்மா இருக்கார்?" என்று கேட்டாள். இவள் கொஞ்சமும் யோசிக்காமல், "அலமாரி மேல" என்றாள். உன் புகைப்படம் அங்கேதான் இருக்கிறது. அந்த டீச்சர் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ உண்மையோடு அங்கே இரு. உன் உண்மை இவளுக்கு ஜடை பின்னிவிடுமா? ரயிலில் இருப்பவனுடைய கடிகாரம் உனக்கு முக்கியம். இங்கே ஒரு குழந்தைக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறதே, அதை எந்தக் கடிகாரத்தில் பார்க்கிறாய்?

உன் அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. லான்ஜோவில் வழக்கம்போல் புழுதி. அறைக்கு இன்னொரு ஜன்னல் வைத்திருக்கிறாராம். எதற்கு என்று தெரியவில்லை, ஒரு ஆளுக்கு ஒரு ஜன்னல் போதாதா?

லுவோ குளிர்காலம் வரைக்கும் பொறுப்பதாகச் சொல்கிறான். யோசி.

படம் இத்துடன் இருக்கிறது. அது படகு என்று சொல்கிறாள். எனக்கு வாத்து மாதிரித் தெரிகிறது.

பெய்யுன்


சூளை
1973 ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் டிங் அம்மாள் உன்னிடம் வேறு மாதிரி சொல்லிவிடுவாள், ஆகையால் நானே சொல்கிறேன். சூளைச் சரிவில் செங்கல் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறும்போது பலகை நழுவி விழுந்துவிட்டேன். கணுக்காலில் கட்டுப் போட்டிருக்கிறது. எலும்பு முறியவில்லை. இப்போது நிழலில் உட்கார்ந்து செங்கல் எண்ணும் வேலை. உண்மையைச் சொன்னால் வசதியாக இருக்கிறது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சிரிக்காதே. விழுந்த அந்தக் கணத்தில் தோளில் பாரமே இல்லை. கூடைகளும் நானும் சேர்ந்தே விழுந்தோம், ஒன்றை ஒன்று அழுத்தவில்லை. எடை எங்கேயோ போய்விட்டது. தரை வந்த பிறகுதான் திரும்பி வந்தது. இதைப் புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். படிப்பது வேறு, விழுந்து பார்ப்பது வேறு.

படம் படகுதான். துடுப்பு போடுகிற ஆள்கூட இருக்கிறார். அவர் யார் என்று அவளிடம் கேட்டு எழுது.

நீ கேட்டதற்குப் பதில் எழுதவில்லை என்று தெரியும். எழுத என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை.

ஷிஹெங்


லான்ஜோ
1973 ஜூலை 14

அன்புள்ள ஷிஹெங்குக்கு,

உன் கால் குணமாகி வருகிறது என்று நம்புகிறேன். நான் நலம். இதைத் தபாலில்தான் போடுகிறேன். யார் பிரித்துப் படித்தாலும் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. உன் அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் அந்த நகரத்தில், நான் இந்த நகரத்தில். வருஷத்துக்கு ஒரு விடுமுறை. வருஷம் தவறாமல் இடமாற்றம் கேட்டு எழுதினோம். இந்தப் பிப்ரவரியில் கொடுத்துவிட்டார்கள். இங்கே ஒரு பள்ளியில் அவளுக்குக் கணக்கு டீச்சர் வேலை. வருஷக் கடைசிக்குள் வந்து சேரவேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும்.

வர முடியாது என்று எழுதிவிட்டாள். நிங்நிங்கை விட்டு வரமாட்டாள். கூட்டி வரவும் அவளுக்கு மனமில்லை. ஷாங்காயில் வாழ அனுமதி தரும் குடும்பப் பதிவை விட்டால் குழந்தைக்கு அது திரும்பக் கிடைக்காது, அப்பாவிடமிருந்து இன்னும் தூரமாகப் போய்விடுவாள் என்கிறாள். இதை உனக்குச் சொன்னால் என்னோடு பேசவே மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாள். ஏற்கெனவே வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பேசுகிறோம், அதனால் துணிந்துவிட்டேன்.

உன்னை எதையும் எழுதச் சொல்லவில்லை. சார்பியல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நான் பம்பு பழுது பார்க்கிறவன். தெரிந்துகொண்டு முடிவெடு, தெரியாமல் எடுக்காதே என்றுதான் எழுதுகிறேன்.

அன்புடன்
மாவ்லின்


சூளை
1973 ஆகஸ்ட் 5

அக்கா,

சுகமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை? அலமாரி மேல் இருக்கும் படத்தைப் பற்றி எழுதினாய், ஜன்னலைப் பற்றி எழுதினாய், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே. நீ மார்ச்சில் அவசரப்படுத்தியது நிங்நிங்குக்காக மட்டும்தான் என்று நினைத்து இங்கே உத்தமன் வேஷம் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தானைத் திட்டாதே. அவர் சொல்லாவிட்டால் நான் டிசம்பர் வரைக்கும் வெளிச்சத்தின் வேகத்தைப் பற்றி உனக்குப் பாடம் எடுத்திருப்பேன்.

எழுதுகிறேன். அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை எழுதுகிறேன். பொய் என்று தலைப்பிலேயே போடுகிறேன். லுவோவிடம் சொல்லிவிடு. நாலு தாள்தானே.

ஷிஹெங்


ஷாங்காய்
1973 ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

கால் எப்படி இருக்கிறது? கட்டை அவிழ்த்ததும் ஓடாதே. நிங்நிங் புதுப் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம் போய்வருகிறாள்.

உன் அத்தானை நான் பிறகு கவனித்துக்கொள்கிறேன். முதலில் நீ.

எழுதாதே. மார்ச்சில் எழுது என்றவளும் நான்தான், இப்போது வேண்டாம் என்பவளும் நான்தான். இரண்டும் அக்காவுக்கு உள்ள உரிமை. உன் மகளுக்காக நீ பொய் சொல்லியிருந்தால் அது உனக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு. எனக்காகச் சொன்னால் அதை நான் லான்ஜோவில் தினமும் சோற்றோடு சேர்த்து விழுங்க வேண்டும். உன் பொய்யில் ஏறி அங்கே போகமாட்டேன். அதற்குத்தான் ரயில் இருக்கிறதே.

போன வாரம் ஆசிரியர் அறையில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் நூற்றெண்பது பாகை என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் சரி போட்டேன். எதிரில் பூகோள உருண்டை இருந்தது. சும்மா சாக்பீஸை எடுத்து அதன்மேல் ஒரு முக்கோணம் போட்டேன், வட துருவத்தில் செங்கோணத்தில் பிரிந்து நிலநடுக்கோட்டுக்கு இறங்கும் இரண்டு கோடு, நிலநடுக்கோட்டிலேயே ஒரு கோடு. மூன்றும் செங்கோணம். கூட்டினால் இருநூற்று எழுபது! அதற்காக நான் சரி போட்டதெல்லாம் பொய்யா? தட்டையான தாளில் அது சரி. உருண்டைக்கு அது போதாது, அவ்வளவுதான்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். விழும்போது பாரம் காணாமல் போனது என்று எழுதினாயே, உன் சிறப்புச் சார்பியலில் பாரத்துக்கு எங்கே இடம்? இடம் இல்லை என்றால், அது பிரபஞ்சத்தை முழுசாகச் சொல்லிவிட்டதா? பொய் வேறு, போதாது வேறு. இந்தக் கேள்விக்கு நாலு தாள் எழுத உன் மனசாட்சி ஒத்துக்கொள்ளுமா என்று அதனிடம் கேட்டுச் சொல்.

அக்கா

படகில் இருக்கும் ஆள் யார் என்று கேட்டேன். "தெரியாது, பின்னால பாத்து உக்காந்திருக்கார்" என்கிறாள்.


சூளை
1973 அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கால் நன்றாகிவிட்டது. உன் முட்டிக்கு இந்த ஊர் மிளகுத்தைலம் டிங் அம்மாளிடம் கொடுத்திருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு எழுதி, போன மாதமே டிங் அம்மாள் மூலம் லுவோவுக்கு அனுப்பினேன், நாலு தாளுக்குப் பதில் பதினொரு தாள். ஒரு வரிகூட மனதுக்கு விரோதமாக இல்லை. சிறப்புச் சார்பியல் தன் எல்லைக்குள் சரி. ஆனால் ஈர்ப்பு என்று ஒன்று வந்ததும் அதற்குப் பேச்சில்லை. கல் ஏன் விழுகிறது என்று அதனிடம் கேட்க முடியாது. பிரபஞ்சத்தில் விழாத பொருள் எது? அதனால் அது முழுமையான விவரணை அல்ல. இதை எழுதும்போது பல வருஷம் கழித்து எனக்கு வேலை செய்கிற மாதிரி இருந்தது, அக்கா. அதற்காக உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கெட்ட செய்தி இனிமேல்தான். போன வாரம் லுவோவும் அவர்கள் குழுத் தலைவரும் ஜீப்பில் இங்கேயே வந்துவிட்டார்கள். கட்டுரையை அச்சுக்கோத்துக் கொண்டுவந்திருந்தார்கள். நான் 'போதாது' என்று எழுதிய இடத்தில் எல்லாம் 'பொய்' என்று மாற்றியிருந்தது. சூளை முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம்.

"இதுல கையெழுத்துப் போடு. அடுத்த மாசம் உன் பொண்ணோட இருப்ப" என்றார் தலைவர்.

"நான் எழுதினது 'போதாது'."

"அது என்ன விமர்சனம்? குழம்புல உப்பு போதாதுங்கற மாதிரி இருக்கு. படிக்கிறவன் சிரிப்பான்."

"பொய்னா அளந்து பாக்கறப்ப தப்பா வரணுங்க. இது தப்பா வரல. எடைன்னு பேச்சு வந்தா வாயை மூடிக்குது, அவ்வளவுதான்."

"அப்ப எது வாயைத் திறக்குது?"

"அதே ஆள் பத்து வருஷம் கழிச்சு இன்னொண்ணு எழுதினார். பொதுச் சார்பியல். அதுல எடை இருக்கு."

தலைவர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "அப்படின்னா அதையும் சேத்து இல்ல விமர்சிக்கணும்!"

"தாராளமா. முதல்ல படிக்கணும்."

அவர் லுவோவைப் பார்த்தார். லுவோ செங்கல் அடுக்கைப் பார்த்தான்.

பிறகு பேனாவை என் முன்னால் வைத்தார். எடுத்தும் விட்டேன், அக்கா, மறைப்பானேன். நிங்நிங் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், கண் முன்னால் நின்றீர்கள். உன் கடிதம் இல்லாவிட்டால் போட்டிருப்பேன். ஒவ்வொரு 'பொய்'யையும் அடித்து, மேலே 'போதாது' என்று எழுதினேன். எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போட்டேன். அவர் தாள்களைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, போட்டு வைத்த சாப்பாட்டைக்கூடத் தொடாமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

இனி அந்த வழி அடைபட்டுவிட்டது. நான் சொல்வதைக் கேள். குடும்பப் பதிவு போனால் போகட்டும். நிங்நிங்கைக் கூட்டிக்கொண்டு லான்ஜோவுக்குப் போ. நான் எங்கிருந்தாலும் அவளுக்கு அலமாரி மேல்தான் இருக்கப் போகிறேன், அது எந்த ஊர் அலமாரியாக இருந்தால் என்ன? என்னை மன்னித்துவிடு.

ஷிஹெங்


ஷாங்காய்
1973 டிசம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. உன் கடிதம் வந்த அன்று அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு நிங்நிங்கின் பஞ்சுச் சட்டைகளை மூட்டை கட்டினேன். மறுநாள் அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். எதை எழுதினாலும் பொய்யாகிவிடும் போல இருந்தது, அதனால் எழுதவில்லை.

நேற்று லுவோ வந்தான். அவனாகவே தேநீர் ஊற்றிக் குடித்தான், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அக்கா, உன் தம்பி எங்க குழுவையே கவுத்துட்டான். தலைவர் போய் மேல, 'இரண்டாவது ஒண்ணு இருக்கு, அதுதான் பெரிய எதிரி, அதை விமர்சிக்கப் போறோம்'னு சொல்லிட்டார். மேல இருக்கறவங்க ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. 'நல்லது, அது என்ன சொல்லுது?'ன்னு கேட்டாங்க. அங்க யாருக்குத் தெரியும்? ஒரு மாசம் புரட்டிப் புரட்டிப் பாத்தோம். ஒரு பக்கம் தாண்டல."

நம் நாட்டில் ஒரு புத்தகத்தைத் திட்ட வேண்டுமானால் அதை முதலில் அச்சடித்தாக வேண்டும் அல்லவா? ஜெர்மன் மூலத்திலிருந்து மொழிபெயர்த்து, அட்டையில் 'விமர்சனப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று போட்டு வெளியிட உத்தரவாகியிருக்கிறது. மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும். இரண்டு வருஷத்து வேலை. அந்த ஆளுக்கு ஷாங்காய்ப் பதிவு, சம்பளம், நம் வீட்டு அறை. உத்தரவில் உன் பெயரைப் பார்த்தேன், சிவப்பு முத்திரையைத் தொட்டும் பார்த்துவிட்டேன்.

உன் கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதை யாரும் அச்சடிக்கல. 'பொய்'னு அதுக்கப்புறம் யாரும் கேக்கவும் இல்ல" என்றான்.

சூளைக்கு உத்தரவு தபாலில் வரும். கால்வாய் உறைவதற்குள் டிங் அம்மாள் படகைப் பிடி. நிங்நிங்கிடம் சொன்னேன். "அலமாரி மேல இருக்கறவரா? பேசுவாரா?" என்றாள். பேசுவார், கொஞ்சம் அதிகமாகவே பேசுவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். நீ வந்து சில நாள் இருந்து எல்லாம் கற்றுக்கொண்ட பிறகுதான் கிளம்புவேன்.

அக்கா


ஷாங்காய்
1974 மார்ச் 17

லான்ஜோவில் இருக்கும் அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இரண்டு ஜன்னலும் வெயில் வாங்குகின்றனவா? உன் முட்டி அந்த ஊர்க் குளிருக்கு எப்படி? இங்கே இருவரும் நலம். நிங்நிங்குக்குப் புதுப் பற்கள் வந்துவிட்டன, கொஞ்சம் கோணல். என் பக்கத்து ஜாடை என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன்.

வேலை நடக்கிறது. காலையில் மொழிபெயர்ப்பு, மதியம் அதைக் குழுவுக்கு விளக்க வேண்டும், அப்போதுதானே விமர்சிக்க முடியும். முதலில் நாலு பேர் வந்தார்கள். இப்போது மற்ற கல்லூரிகளிலிருந்தும் விமர்சிக்க வருகிறார்கள், நாற்காலி போதவில்லை. உன் பூகோள உருண்டையும் சாக்பீஸும் இல்லாமல் நான் பேசுவதே இல்லை. லுவோ ஒருநாள், "இதாவது முழுசா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். மிக மிகச் சின்னப் பொருள்களிடம் போனால் இதுவும் தடுமாறும் போலிருக்கிறது. அவனுக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், அக்கா. செய்ய இன்னும் வேலை மீதி இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

வீட்டில்தான் நான் இன்னும் மாணவன். நீ கிளம்பிய பிறகு முதல் மாதம் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. வேண்டியதைப் பக்கத்தில் வந்து நின்று சுவரிடம் சொல்வாள். "சோறு குழைஞ்சு போச்சு." "ரிப்பன் காணோம்." நானும் சுவரிடமே பதில் சொல்வேன். அவசரப்படுத்தக் கூடாது என்று இருந்தேன். வருத்தமாக இல்லை என்று சொல்லமாட்டேன்.

நேற்றுக் காலை மாடி வீட்டு ஷென் அம்மாள் குழாயடியில் அவளைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டி, உங்க வீட்டுலேர்ந்து இப்படிப் புகை வருதே, யாருடி அடுப்பு மூட்டறது?" என்று கேட்டாள். நான் வாளியோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"எங்கப்பாதான்" என்றாள் நிங்நிங். "அவருக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாம் நான்தான் சொல்லிக் குடுக்கணும்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன், அக்கா. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். அதற்குள் குழாயடியில் வரிசை நீண்டுவிட்டது. அவள் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தாள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தம்பி
ஷிஹெங்